மாடு கொடுத்தால் மட்டும் போதுமா?

வங்கதேசக் கிராமங்களில் பரம ஏழைகள் யார் என்று அறிய, ‘பிராக்’ தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் முதலில் ஊராரைக் கூட்டி உட்காரவைக்கிறார்கள். மண்தரையில் ஊரின் படம் விரிகிறது. தெரு, குளம், பள்ளிவாசல் என்று வரைந்து ஒவ்வொரு வீட்டையும் அதில் குறிக்கிறார்கள். எந்த வீட்டில் வசதி, எந்த வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வம் என்று ஊராரே வரிசைப்படுத்துகிறார்கள். அடுத்து, கடைசி வரிசையில் வந்த வீடுகளுக்கு ஊழியர்கள் நேரில் போகிறார்கள். சம்பாதிக்கும் ஆண் துணை உண்டா, பத்து சென்ட் நிலமாவது இருக்கிறதா, பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை கூலிக்குப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் பெயர் பட்டியலில் ஏறும்.

இவ்வளவு பாடு எதற்கு? உதவி வருகிறது என்றதும் ஓடிவந்து நிற்பவர்கள் பெரும்பாலும் அது மிகவும் தேவைப்படுகிறவர்கள் அல்ல. கணவன் கைவிட்டுப் போனவள், நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறவள் கூட்டத்துக்கே வருவதில்லை. பிராக் இதைத் தன் சொந்த அனுபவத்தில் கண்டது. அதன் நுண்கடன் குழுக்கள் நாடெங்கும் பரவிய பிறகும் அடிமட்டத்துப் பெண்கள் வெளியிலேயே நின்றார்கள். வாங்கினால் எப்படி அடைப்பது என்று அவர்களுக்குப் பயம். இவளால் தவணை கட்டமுடியாது என்று குழுவினருக்குச் சந்தேகம்.

அவர்களுக்காக 2002இல் தனித் திட்டம் ஒன்று தொடங்கியது. கறவை மாடோ ஆடுகளோ கோழிகளோ கடனாக அல்ல, இனாமாகவே தரப்பட்டன. மாடு கன்று போட்டுப் பால் கறக்க மாதங்கள் ஆகும். அதுவரை பட்டினி கிடப்பவர் மாட்டை விற்றுத்தானே சாப்பிடுவார்? எனவே சில காலத்துக்கு வாராவாரம் கைச்செலவுக்குப் பணமும் உண்டு. தீவனம், தடுப்பூசி பற்றிப் பயிற்சி, சிறுசேமிப்பு, நோய் வந்தால் மருத்துவ உதவி எல்லாம் இதில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் தவறாமல் ஒருவர் வீட்டுக்கு வருவார். மாட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். கையெழுத்துப் போடச் சொல்லித்தருவார், கழிப்பறை பற்றிப் பேசுவார், சின்ன வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுக்காதே என்பார். இரண்டு ஆண்டுகள் இப்படி நடக்கும். நன்கொடைக் கணக்கில் கண்ணில் படாத செலவு இந்த வருகைதான். சிக்கனம் என்று முதலில் வெட்டப்படுவதும் இதுதான். அப்படி வெட்டுவது பெரும் தவறு.

பிராக்கைத் தொடங்கிய ஃபஸ்லே ஹசன் அபேத் ஒரு கணக்காளர். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர். 1971 வங்கதேச விடுதலைப் போருக்குப் பிறகு லண்டனிலிருந்த தன் வீட்டை விற்று, அகதிகளாய்ப் போய்த் திரும்பிவந்த மக்களுக்காக 1972இல் சில்ஹெட் பகுதியின் சுல்லாவில் நிவாரண வேலையில் இறங்கினார்.

திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதன் அருமையை நிறுவனத்துக்குக் கற்றுக்கொடுத்தது வயிற்றுப்போக்கு. 1980வாக்கில் வங்கதேசத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஐந்து வயதைத் தாண்டவில்லை. பேதியில் உடம்பின் நீர் வற்றிச் செத்தவை அவற்றில் ஏராளம். உப்பும் இனிப்பும் கலந்த தண்ணீர் அந்த உயிர்களைக் காப்பாற்றும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும், தாய்மார்களுக்குத் தெரியாது. குடிசையில் அளவுக் கரண்டி ஏது? எனவே கையே அளவானது: மூன்று விரலில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். 1980இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில், பெண் ஊழியர்கள் சுமார் 1.2 கோடி வீடுகளின் வாசலேறி இதைக் கலக்கிக் காட்டினார்கள்.

ஆரம்பத்தில் பலன் ஏமாற்றமாக இருந்தது. கற்றுக்கொண்ட தாய்மார்களில் மிகச் சிலரே அதைக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று விசாரித்தால், சொல்லிக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தால் மருந்து மாத்திரையைத் தேடினார்கள். அந்தத் தண்ணீர் உடம்பில் என்ன செய்கிறது என்று முதலில் அவர்களுக்கு விளக்கவேண்டி வந்தது. ஆண்களை ஒதுக்கியதும் தவறென்று தெரிந்தபோது, பள்ளிவாசலிலும் சந்தையிலும் அவர்களிடம் பேசினார்கள். ஊழியரின் கூலியும் தாயின் நினைவைப் பொறுத்தே அமைந்தது. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் கேட்பார். தாய் சரியாகச் சொல்லி, சரியாகக் கலக்கினால்தான் கற்பித்தவருக்கு முழுக் கூலி.

பிராக் 1985இல் தொடங்கிய ஓரறைப் பள்ளிகளிலும் இதே அக்கறைதான். முப்பது பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பெண் ஒருவர் ஆசிரியை. பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுமிகள். அறுவடைக்கும் வீட்டு வேலைக்கும் இடைஞ்சலில்லாத நேரத்தைப் பெற்றோரே சொல்வார்கள்.

மாடு கொடுக்கும் திட்டம் வேறு மண்ணில் வேரூன்றுமா? எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,495 பேரை வைத்துச் சோதித்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோரின் அந்த ஆய்வு 2015இல் வெளியானது. திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தும் பயனடைந்த குடும்பங்களின் வருமானமும் சாப்பாடும் மற்றவர்களைவிட மேலாகவே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் அடி விழுந்தது. அங்கே கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போயின. ஊருக்குப் பொருந்தாததைக் கொடுத்தால் அக்கறை எவ்வளவு இருந்தும் பலிக்காது.

இந்தியாவில் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் இதை நடத்தியது ‘பந்தன்’ அமைப்பு. பத்து ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்கள் பழைய நிலைக்குச் சரிந்திருக்கவில்லை. 2018இல் பீகார் அரசே ‘சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா’ என்ற பெயரில் இதைக் கையிலெடுத்தது. மதுவிலக்கால் கள், சாராயப் பிழைப்பை இழந்தவர்களும் வேறு மிக வறியவர்களுமாக ஒரு லட்சம் குடும்பங்கள் அதன் முதல் இலக்கு. பலருக்கு ஆடு மாடு, பலருக்குப் பெட்டிக்கடைக்கான சரக்கு. கடை வைத்த பெண்ணுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க அங்கேயும் ஓர் உள்ளூர் ஊழியர் வீடு தேடி வருகிறார்.