அன்னாசி மார்ட்டினியும் அம்மாவும்

சம்சுவுக்குத் தாத்தாவைப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. அதனால் தீபாவளிக்கு மறுநாள் நான் ஓட்கா பாட்டிலோடு சமையலறைக்குள் நுழைந்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. வானொலியில் நாளெல்லாம் பேசும் எனக்கே பதில் வரவில்லை.

ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு டின்னில் அன்னாசிச் சாறு வாங்க மனசு வருமா? 1996இல் மார்டி அறிமுகப்படுத்திய ஜோசபைன், ‘ஜொகூர்’, ‘சரவாக்’ என்ற இரு ரகங்களின் கலப்பு. நன்கு பழுத்ததை அரைத்து வடிகட்டுங்கள். அந்தச் சாறு 60 மில்லி, ஓட்கா 45, எலுமிச்சைச் சாறு 15, சீனிப்பாகு ஒரு தேக்கரண்டி. மூடியுள்ள பாட்டிலில் ஐஸோடு போட்டு 15 விநாடி பலமாகக் குலுக்கி, ஃப்ரீசரில் குளிரவைத்த கிளாஸில் வடிகட்டினால் மேலே வெண்ணுரை திரளும். அன்னாசியின் குணம் அது.

குடித்தால் வெறும் பழச்சாறு போலத்தான் இருக்கும். ஆபத்தும் அங்கேதான். ஒரு கிளாஸில் ஏறக்குறைய ஒரு டின் பியரின் ஆல்கஹால் இருக்கிறது. அளக்காமல் ஊற்றினால் இரண்டு டின் ஆகிவிடும், நாக்குக்குத் தெரியாது.

அன்று தம்பி கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்குக் கார் ஓட்ட வேண்டியவன். இங்கே 2020 முதல் 100 மில்லி இரத்தத்துக்கு அனுமதி 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைந்துவிட்டது. அந்தக் கணக்கையெல்லாம் நான் போடவில்லை. அவன் கிளாஸில் ஓட்காவுக்குப் பதில் இஞ்சிச் சாறு. முறைத்தான், ஆனாலும் குடித்தான்.

அம்மா அவன் கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

“இஞ்சி பத்தல” என்றார்.