பூனையின் நாவும் விளையாட்டுப் பொருளும்

சங்க இலக்கியம் பயின்றோர் வெருகினை அறிவர். மனைக்கோழியைக் கவர மாலையில் பதுங்கி வரும் காட்டுப்பூனையே அது. வீட்டில் வளரும் பூனை உணவுக்காக வேட்டையாட வேண்டியதில்லை. எனினும் அவ்வியல்பு அதனை விட்டு நீங்கவில்லை. பதுங்கல், துரத்தல், பாய்தல், கடித்தல் ஆகிய நான்கும் அதன் விளையாட்டிலும் காணப்படுகின்றன. விளையாட்டுப் பொருளே அதற்கு இரை. ஆகவே அப்பொருள் கடிபடும், கிழியும், சில வேளைகளில் விழுங்கவும்படும்.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்னும் விதி 2024 செப்டம்பர் 1இல் நடப்புக்கு வந்தது. மாடி வீட்டினுள்ளேயே வாழும் பூனைக்கு விளையாட்டு இன்றியமையாதது. அதற்குத் தரும் பொருளை எவ்வாறு ஆராய்வது?

முதற்கண் பூனையின் நாவை அறிதல் வேண்டும். அதன் மேற்புறத்தில் சிறு முட்கள் செறிந்துள்ளன. அவை தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. நூலோ நாடாவோ அவற்றில் சிக்கினால் துப்புதல் அரிது, விழுங்குதலே எளிது. நூலின் ஒரு முனை நாவின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ள, எஞ்சிய பகுதி குடலுக்குள் செல்லும். குடல் அதனைத் தள்ள முயலுந்தோறும், நாடா கோத்த பாவாடையின் இடுப்புப்போல் மடிந்து சுருங்கும். இறுகிய நூல் குடற்சுவரை அறுப்பதும் உண்டு. துள்ளி விளையாடிய பூனை வாந்தியெடுத்து, உணவை வெறுத்து, மூலையில் முடங்கும். நூலின் முனை வாயிலோ பின்புறத்திலோ தென்பட்டாலும் அதனை இழுத்தலாகாது. உடனே கால்நடை மருத்துவரை நாடுதலே முறை.

அடுத்தது அளவு. சிறுவர் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க அமெரிக்கச் சட்டம் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வகுத்துள்ளது. அதனுள் முழுதும் அடங்கும் பொருள் 3 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது. பூனைக்கென விற்கும் பொருள்களை அச்சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. ஆதலின் வாங்குவோரே சோதனையாளராதல் வேண்டும். பூனையின் வாய்க்குள் முழுதும் அடங்கும் எதுவும் தகாது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள மேசைப்பந்து ஏற்றது. விரிசல் கண்டால் அதையும் எறிந்துவிட வேண்டும்.

மூன்றாவது உறுதி. துணி எலியின் கண், வால், மணி, இறகு ஆகியவற்றைக் கையால் வலிந்து இழுத்துப் பார்க்க வேண்டும். கைக்கு வருவது பல்லுக்கும் வரும். தையல் பிரிந்து பஞ்சு தெரிந்தால் அப்பொருளின் காலம் முடிந்தது. பொத்தான் போன்ற மின்கலமும் சிறு காந்தங்களும் உள்ள பொருள்களை விலக்குதல் நன்று. மின்கலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இரு காந்தங்கள் குடலின் மடிப்புகளை இடையில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

கோலில் கட்டிய இறகு பூனைக்கு மிக விருப்பமானது. ஆயினும் அது மனிதர் கையில் இருக்கும்வரையே விளையாட்டுப் பொருள். ஆட்டம் முடிந்ததும் மூடிய அலமாரியில் இருத்தல் வேண்டும். லேசர் ஒளிப்புள்ளியைப் பூனை துரத்தலாம், பிடிக்க இயலாது. ஒளியைக் கண்ணில் படவிடாது ஆடி, இறுதியில் கவ்வுதற்குரிய ஒரு பொருளைத் தந்தால் வேட்டை நிறைவுறும்.

கடையில் காணும்போது குற்றமற்ற பொருளும் பத்து நாள் கடிபட்டபின் வேறு பொருளாகிவிடும். எனவே சோதனை வாங்கும் நாளோடு முடிவதன்று. ஒவ்வொரு முறை எடுத்துக் கொடுக்கும்போதும் நிகழ வேண்டியது. பூனை வளரும் வீட்டில், தையல் நூலையும் பரிசுப்பொதியின் நாடாவையும் தரையில் விட்டுவைக்காத பழக்கத்தைச் சிறுவருக்கும் கற்பித்தல் வேண்டும்.