காரல் மீனின் தொண்டைக்குள் விளக்கு எரிகிறது, தெரியுமா?

அனலைதீவுக் கரையில் வள்ளம் வந்து இறங்கும்போது கூடைக்குள் வெள்ளித் தகடுகளாய் மினுங்கிக் கிடக்குமே, அந்தக் காரலைத்தான் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும். தொட்டால் வழுவழுவென்று கையில் ஒட்டும். சொதிக்கு ஆகும், காயப்போட்டால் கருவாடாகும். பெரிய மீன் கிடைத்த நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த மீன் தன் தொண்டைக்குள் ஒரு விளக்கைக் கொண்டு திரிகிறது, தெரியுமா?

உண்மையாகவே விளக்குத்தான்! இரைக்குழாயைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஓர் உறுப்பு. அதற்குள் எண்ணிலடங்காத பக்டீரியாக்கள் நீலப்பச்சை ஒளி வீசியபடி வாழ்கின்றன. இருக்க இடமும் உண்ண உணவும் மீன் கொடுக்கிறது, வெளிச்சம் அவை கொடுக்கின்றன.

தாய் மீன் இந்த விளக்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதில்லை என்பது தெரியுமா? முட்டையிலிருந்து வரும் காரல் குஞ்சுக்குள் ஒளி கிடையாது. கடல்நீரில் திரியும் பக்டீரியா உள்ளே புகுந்து குடியேறிய பிறகுதான் விளக்குப் பற்றும். ஒவ்வொரு குஞ்சுக்கும் கடல்தான் புதிதாய் ஏற்றிவைக்கிறது! வளர்ந்த மீனோ, பெருகிய பக்டீரியாக்களைக் குடல்வழியே கடலுக்குத் திருப்பி விட்டபடியே இருக்கிறது.

இந்த விளக்குப் பகலிலும் உதவும், தெரியுமா? கீழே பதுங்கியிருக்கும் பெரிய மீன் அண்ணாந்து பார்த்தால், மேலே நீந்துகிற சின்ன மீன் வெயிலுக்கு எதிரே கறுப்பாய்த் தெரியும். காரல் தன் அடிவயிற்றால் அளவாக ஒளியைக் கசியவிடுகிறது. கறுப்பு மறைந்து, மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு மீன் கரைந்துவிடுகிறது. வெளிச்சம் போட்டு ஒளிந்துகொள்கிற உயிர்! அதற்கான ஏற்பாட்டைப் பாருங்கள்: காற்றுப்பையின் உட்சுவரில் கண்ணாடிபோல ஒரு பூச்சு, ஒளியைத் தெறிக்கச் செய்து கீழே அனுப்ப. விளக்கின் மேல் தசையாலான திரை, வேண்டும்போது திறக்க, வேண்டாதபோது மூட.

பல இனங்களில் ஆண் காரலின் விளக்கு பெண்ணினுடையதைவிடப் பெரியது. ஒரு கூட்டமே தாளம் பிசகாமல் சேர்ந்து மின்னி மின்னி அணைந்ததை 2002இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கடலுக்கடியில் மின்மினிக் கூட்டம்!

பெயர்க்கதை இன்னும் இனிக்கும். காரலுக்குள் ஒளிரும் பக்டீரியாக்களில் ஒன்றுக்கு 1970இல் வைத்த பெயர் போட்டோபக்டீரியம் மண்டபமென்சிஸ். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறதே, அதே மண்டபம்தான்! 2008இல் காரல் மீன்களில் ஒரு பேரினத்தைப் புதிதாய்ப் பிரித்தபோது விஞ்ஞானிகள் அதற்கு இலங்கையில் வழங்கும் பெயரையே எடுத்துக் 'கரல்லா' என்று வைத்தார்கள். நம் சந்தையில் கூப்பிடும் சொல்லின் உறவு இன்று உலகத்து அருங்காட்சியகக் குப்பிகளில் ஒட்டியிருக்கிறது.

காரலின் வாயைப் பார்த்திருக்கிறீர்களா? மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது. மெல்ல இழுத்துப் பாருங்கள், குழாய்போல நீளும். சில காரலுக்கு அந்தக் குழாய் மேல்நோக்கி நீளும், மேலே மிதக்கும் சிற்றுயிர்களை உறிஞ்சும். சிலதுக்குக் கீழ்நோக்கி, சேற்றிலிருக்கும் புழுக்களைப் பொறுக்க.

இப்படிப்பட்ட மீனை இழுவைப்படகுகள் அடியோடு வாரிக்கொண்டு போய்த் தீவனத்துக்கு அரைக்கக் கொடுப்பதை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது. அடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. பாக்கு நீரிணையில் அது இன்னும் ஓயவில்லை.

அடுத்தமுறை வலையிலிருந்து அப்போதே கழற்றிய காரல் கிடைத்தால், இரவில் அறுங்கள். குடலோடு இரைக்குழாயையும் எடுத்து வைத்துவிட்டு, குசினி லைற்றை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள்.