ஹேர்பின்ல ஜெயிக்கிறது பிரேக்கா, ஆக்சிலரேட்டரா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. "அண்ணா, நேர் ரோட்டுல எல்லாரையும் பிடிச்சிடுறேன். ஹேர்பின் வந்தா நாலு பேர் என்னைத் தாண்டிப் போயிடுறாங்க. என்ன தப்பு பண்றேன்?"

தம்பி, இதே கேள்வி எனக்கும் ரொம்ப நாளா இருந்துச்சு. பதில் சொன்னது என் அக்கா பையன். வயசு 13.

லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். கிரான் டூரிஸ்மோ 7, பெல்ஜியத்துல இருக்கிற ஸ்பா டிராக், ரெண்டு பேருக்கும் ஒரே கார். அவனோட பெஸ்ட் லேப் ஒரு நிழல் காரா என் முன்னாடி ஓடும், நான் அதைத் துரத்தணும். முதல் வளைவு லா சோர்ஸ், வலது பக்கம் திரும்புற கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு தடவையும் வளைவுக்குள்ள அவனை நான் முந்திடுவேன். வெளிய வரும்போது அவன் எனக்கு முன்னாடி போய்க்கிட்டிருப்பான்! கடைசியில அவனே சொன்னான்: "மாமா, நீங்க லேட்டா பிரேக் போட்டு கெத்து காட்டுறீங்க. நான் வெளிய போறதுக்குத்தான் ரெடி ஆகுறேன்."

அவன் சொன்னதைத்தான் இன்னிக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

டயரோட சம்பளம்

டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற பிடிமானத்தை ஒரு மாசச் சம்பளம் மாதிரி நினைச்சுக்கோங்க. தொகை நிரந்தரம். பிரேக், திருப்பம், ஆக்சிலரேட்டர் மூணுக்கும் அதுலேர்ந்துதான் எடுக்கணும். முழுசையும் பிரேக்குக்கே கொடுத்துட்டா, திருப்பத்துக்குக் கையில ஒண்ணும் மிஞ்சாது. அதனாலதான் பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராவே போய் மணல்ல இறங்குது. ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்புறது அங்க தீர்வே இல்ல. பிரேக்கைக் கொஞ்சம் விட்டாத்தான் முன் சக்கரம் திரும்ப ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம். வேகம் 2 மடங்கு ஆனா, அதே வளைவுல திரும்பத் தேவைப்படுற பிடிமானம் 4 மடங்கு ஆகும். அதனால 10 கிலோமீட்டர் வேகம் கூடுதலா உள்ள போறது, பார்க்கிறதுக்குச் சின்னதா இருந்தாலும் டயருக்கு ரொம்பப் பெரிய சுமை.

வளைவைப் பெருசாக்குங்க

ஒரு கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க. நல்ல டயர், சமமான ரோடு. வளைவோட ஆரம் 20 மீட்டர்னா, அதிகபட்சம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்லதான் திரும்ப முடியும். அதே ஆரம் 45 மீட்டர் ஆனா, சுமார் 75 வரைக்கும் போகலாம். டயரும் காரும் மாறல, போற பாதை மட்டும்தான் மாறியிருக்கு.

ரேஸிங் லைன்னு சொல்றது இதைத்தான். லா சோர்ஸ் வலது வளைவு. அதனால ரோட்டோட இடது ஓரத்துலேர்ந்து வரணும், நடுவுல வலது உள் ஓரத்தைத் தொடணும், வெளிய போகும்போது மறுபடியும் இடது ஓரத்துக்கு விரியணும். உள் ஓரத்தைத் தொடுற அந்தப் புள்ளிக்கு ஏபெக்ஸ்னு பேரு. புதுசா ஆடுறவங்க எல்லாரும் அதைச் சீக்கிரமாவே தொட்டுடுவாங்க. அப்புறம் வெளிப்பக்கம் ரோடு தீர்ந்துபோகும், ஆக்சிலரேட்டரை விட வேண்டி வரும். ஹேர்பின்ல ஏபெக்ஸைக் கொஞ்சம் தாமதமா தொடுங்க. கார் சீக்கிரம் நேராகும், ஆக்சிலரேட்டரையும் சீக்கிரம் மிதிக்கலாம்.

எங்க லாபம், எங்க நஷ்டம்?

மணிக்கு 200ல போற கார் ஒரு நொடிக்குச் சுமார் 55 மீட்டர் போகும். 10 மீட்டர் தள்ளி பிரேக் போட்டா என்ன மிச்சமாகும்? ஒரு நொடியில ஐந்துல ஒரு பங்குகூட இல்ல. ஆனா அதனால ஏபெக்ஸைத் தவறவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தாமதமா மிதிச்சா, அந்த வேகக்குறைவு அடுத்த நேர் ரோடு முழுக்க உங்க கூடவே வரும். லா சோர்ஸுக்கு அப்புறம் இறக்கம், ஓ ரூஜ், ஏத்தம், அப்புறம் நீளமான கெம்மல் ஸ்ட்ரெய்ட். வளைவுல சின்னதா விட்டதுக்கு அங்க வரைக்கும் வட்டி கட்டணும். நான் கட்டிக்கிட்டிருந்தது அந்த வட்டிதான்.

அப்போ கையில என்ன செய்யணும்?

முதல்ல, பிரேக் போட ஒரு அடையாளத்தைப் பிடிங்க. ஒரு போர்டு, ஒரு மரம், தரையில ஒரு கறை, எதுவா இருந்தாலும் சரி. தினமும் அதே இடத்துல போடுங்க. சரியா வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்க.

ரெண்டாவது, நேரா போகும்போதே பெரும்பகுதி பிரேக்கை முடிச்சிடுங்க. திரும்ப ஆரம்பிச்சதும் பட்டனை மெதுவா விடுங்க. இதுக்கு டிரெயில் பிரேக்கிங்னு பேரு. முன் சக்கரத்து மேல எடை இருக்கிறதால கார் சொன்ன பேச்சைக் கேட்கும்.

மூணாவது, ஸ்டியரிங் நேராக நேராக ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்க. பின் சக்கரம் இழுக்கிற கார்ல ஒரேயடியா மிதிச்சா சுத்திடும். கீபோர்டுல ஆடுறவங்க விட்டு விட்டுத் தட்டுங்க.

"அண்ணா, நான் ஆடுறது மரியோ கார்ட்"னு சொல்றீங்களா? அங்க சட்டமே வேற. மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல டிரிஃப்டைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா பொறி நீலம், ஆரஞ்சு, ஊதான்னு மாறும். விட்டதும் அதுக்கேத்த வேகம் கிடைக்கும். அஸ்பால்ட்ல டிரிஃப்ட் பண்ணா நைட்ரோ ஏறும். ஆனா அங்கயும் பரிசு கைக்கு வர்றது வளைவோட முடிவுலதான், கவனிச்சீங்களா? கார் எந்தப் பக்கம் பார்த்து நிக்கும்போது டிரிஃப்டை விடுறீங்கங்கிறதுதான் ஆட்டமே.

கடைசியா ஒண்ணு

சிமுலேஷன் கேம்ல கத்துக்கிறது பொய் இல்ல. 2008ல ஜிடி அகாடமி போட்டியில ஜெயிச்ச ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோனெஸ், 2011ல லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல தன் பிரிவுல ரெண்டாவது இடம் பிடிச்ச அணியில ஓட்டினார். ஆனா அவர் ஓட்டினது எதிர்ல வண்டி வராத டிராக்ல.

நம்மள்ல பல பேர் வீக்கெண்டு பைக் எடுத்துக்கிட்டு கொல்லிமலைக்குப் போறோம். 70 கொண்டை ஊசி வளைவு. அங்க 'ஓரத்துலேர்ந்து ஓரத்துக்கு'ங்கிற ரேஸிங் லைனைப் போட்டா, பாதித் தூரம் நாம எதிர்ப்பக்கத்து லேன்ல இருப்போம். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருதான்னு தெரியாது. ரீஸ்டார்ட் பட்டனும் கிடையாது.

கேம்லேர்ந்து ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னா ஒரே ஒரு பாடம்தான்: வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க. மிச்சத்தை எல்லாம் டிவி முன்னாடியே வச்சுக்கலாம்.

நான் இப்போ லா சோர்ஸ்ல முன்னைவிடச் சீக்கிரமா பிரேக் போடுறேன். அக்கா பையனோட நிழல் கார் இன்னும் எனக்கு முன்னாடிதான் போகுது. ஆனா இப்போ அதோட நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுது!