வாய்மொழி அனுமதி அனுமதியே அல்ல

"எஸ்.ஐ. கிட்ட சொல்லியாச்சு சார், பாத்துக்கிறேன்னாரு." மதுரை தல்லாகுளம் பக்கம் கும்பாபிஷேகம், ஜெபக்கூட்டம், அன்னதானம், மண்டகப்படி என்று எதை நடத்துகிறவரிடம் அனுமதி பற்றிக் கேட்டாலும் வருகிற பதில் இதுதான். கொரோனா காலத்திலும் இதையே சொன்னார்கள். பிறகு வழக்கு வந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்றவர் மாறுதலில் போயிருந்தார், அல்லது "நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டார்.

தொற்று முடிந்துவிட்டதே, இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020இல் பதிவான ஊரடங்கு வழக்கு இன்றைக்கும் பாஸ்போர்ட் விசாரணையின்போது தலைகாட்டுகிறது. வழக்கில் சிக்கியவர்கள் வெளிநாட்டு வேலை கைக்கு வந்த பிறகுதான் தீர்வு தேடி ஓடுகிறார்கள். அடுத்த தொற்று வந்தாலும் இதே மனிதர்கள் இதே தவறைத்தான் செய்வார்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

முதலில் உரிமை எதுவரை என்று பார்ப்போம். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றும் சுதந்திரத்தைத் தருகிறது. மேடையில் பேசுகிறவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தப் பிரிவே "பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு" என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. ஆகவே தொற்று பரவும்போது கூட்டத்தைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. அதிகாரிகளில் பலரோ நேர் எதிர். நிபந்தனையை மட்டும் படித்துவிட்டு உரிமையை மறந்துவிடுகிறார்கள். "மேலிடத்து உத்தரவு" என்று கேட்டில் நின்று சொல்வது உத்தரவு ஆகாது. தடை எழுத்தில் இருக்க வேண்டும், எந்தச் சட்டத்தின்கீழ், எந்த நாள்வரை என்று அதில் இருக்க வேண்டும். அனுமதியும் அப்படியே. வாய்மொழித் தடை தடையல்ல, வாய்மொழி அனுமதி அனுமதியல்ல.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க கள்ளழகரைவிட நல்ல உதாரணம் வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்கு மலையிலிருந்து இறங்கி மூன்றுமாவடி, புதூர் வழியாக வருகிறவரைத் தல்லாகுளத்தில் எதிர்சேவை செய்து அழைக்கிறோம். சர்க்கரைச் செம்பில் சூடம் எரிய, தோல்பையில் தண்ணீர் பீய்ச்ச, தோளோடு தோள் உரசி நிற்கிற கூட்டம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் வைகைக்குப் புறப்படுகிறார். 2020, 2021 இரண்டு ஆண்டும் அந்தச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. சடங்குகள் அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே முடிந்தன. மீனாட்சி திருக்கல்யாணம் 2020 மே 4 அன்று ஒரு சில பட்டர்களோடு நடந்தது, ஊர் இணையத்தில் பார்த்தது. அந்த முகூர்த்தத்தில் கோயிலில் மாற்றிக்கொள்ளும் தாலிக்கயிற்றைப் பெண்கள் வீட்டுப் பூஜையறையில் மாற்றிக்கொண்டார்கள். தெய்வக்குற்றம் எதுவும் வந்துவிடவில்லை.

ஆபத்து வந்தது கூட்டம் திரும்பி வந்த ஆண்டில்தான். 2022 ஏப்ரல் 16, அழகர் ஆற்றில் இறங்கிய விடியலில், இரண்டு ஆண்டு ஏக்கத்தோடு திரண்ட கூட்டத்தின் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். கிருமி போன பிறகும் ஆபத்து போகவில்லை. அடைத்து வைத்த கூட்டம் திறந்துவிட்டதும் இரண்டு மடங்காக வரும் என்பதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதே கதை இஸ்ரேலில் ஓராண்டு முன்பே நடந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் அவர்கள் வழிபாட்டு முறை தெரிய வேண்டும். யூதர்களின் கூட்டு வழிபாட்டில் முக்கியப் பகுதிகளைச் சொல்ல, மரபுப்படி, வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். மின்யான் என்று பெயர். நம் பக்கத்துக் கொச்சியில் 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி இருக்கிறது. உள்ளூர் யூதர்கள் அருகிப்போனதால், அங்கே வெளியூரிலிருந்து ஆள் வந்தால்தான் பத்து சேரும். பத்துப் பேர் கூடியே ஆக வேண்டும் என்ற சமயத்தைத் தொற்று எப்படிப் படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2020 மார்ச் 9, 10 தேதிகளில் பூரிம் பண்டிகைக்குக் கூடியதில் நியூயார்க்கிலும் லண்டனிலும் தொற்று பரவியது. அதன் பிறகு பலர் வழி கண்டுபிடித்தார்கள். எதிரெதிர் பால்கனியில் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்தபடி பத்துப் பேரை எண்ணிக்கொண்டு வழிபட்டார்கள். உயிரைக் காக்க ஓய்வுநாள் விதியையே மீறலாம் என்பது அவர்கள் சமயச் சட்டம். அடங்க மறுத்தவர்களும் அங்கே இருந்தார்கள், நம்மிடம் இருந்ததைப் போலவே.

பிறகு 2021 ஏப்ரல் 30 அதிகாலை. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு வந்த முதல் பெரிய யாத்திரை. இஸ்ரேலின் மெரோன் மலையில் சரிவான குறுகிய நடைபாதை ஒன்றில் 45 பேர் நசுங்கி இறந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அதிகாரி 2008இலும் 2011இலும் எழுதி வைத்திருந்தார். விசாரணை ஆணையம் 2024 மார்ச்சில் பிரதமர் நெதன்யாகுவுக்கே இதில் பொறுப்பு உண்டு என்றது. கோப்பில் எச்சரிக்கை தூங்குவதில் அந்த ஊர் அரசாங்கத்துக்கும் நம் ஊர் அரசாங்கத்துக்கும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

நோயைப் பொறுத்தவரை ஒரே ஒரு சம்பவத்தை மனதில் வையுங்கள். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு மூடிய அறையில் இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். நோயுற்றவர்கள் 53 பேர், இரண்டு பேர் இறந்தார்கள். பஜனை, ஜெபக்கூட்டம், திக்ரு, கோரஸ் எல்லாவற்றிலும் வாய்விட்டுப் பாடுகிறோம். ஏசி மண்டபத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு பாடுவதைப் போல மோசமான ஏற்பாடு வேறில்லை. கதவைத் திறந்து வைத்து, முடிந்தால் மொட்டைமாடிக்கோ மைதானத்துக்கோ போய், நேரத்தைக் குறைத்து, காய்ச்சல் உள்ளவரை வீட்டில் இருக்கச் சொன்னால் பாதி ஆபத்து கழியும். வாசலில் ஒருவர் தெர்மாமீட்டரை நெற்றியில் காட்டிவிட்டு அனைவரையும் உள்ளே விடுவது வெறும் சடங்கு.

இனி காகிதத்துக்கு வருவோம். இதைத்தான் யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை.

கூட்டம் நடத்தும் விண்ணப்பத்தை மதுரை மாநகரக் காவல் ஆணையர் பெயருக்கு எழுதுங்கள். நகல் தல்லாகுளம் சரக உதவி ஆணையருக்கும் நிலைய ஆய்வாளருக்கும். தொற்றுக்கான கட்டுப்பாடு நடப்பில் இருந்தால் இன்னொரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு, மற்றொன்று மாநகர் நல அலுவலருக்கு. இவருக்கான தபாலை அழகர்கோயில் சாலையில் உள்ள மாநகராட்சி அண்ணா மாளிகையில் கொடுக்கலாம். "விழா நடத்த அனுமதி வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் அது குப்பைக்குத்தான் போகும். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அதிகபட்சம் எத்தனை பேர், இடத்தின் நீள அகலம், உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி (இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது), 108 ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், குடிநீர், கழிப்பறை, பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டும். கையால் வரைந்த வரைபடம் போதும். தனியார் இடமென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை இணையுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனியே அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அது கூடாது. அன்னதானம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பதிவு, ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். இதையும் ஒருவரும் செய்வதில்லை.

கொடுத்த பிறகுதான் முக்கியமான வேலை. "பெட்டியில போட்டுட்டுப் போங்க" என்பார்கள். போடாதீர்கள். தபால் பிரிவுக்குப் போய், உங்கள் நகலின் மேல் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் சண்டை போட வேண்டாம். தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தில் ஒப்புகை வசதியோடு அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுன்டரில் விரைவுத் தபால், பதிவு, ஒப்புகை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் "வரலையே, அப்ப சம்மதம்தான்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் வராதது அனுமதி ஆகாது.

தடை உத்தரவு அநியாயமாக இருந்தால் என்ன செய்வது? பழைய 144 தடை உத்தரவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு. அது சாதாரணமாக இரண்டு மாதம்தான் உயிரோடு இருக்கும், மாநில அரசு நீட்டித்தால் மேலும் ஆறு மாதம். அந்தப் பிரிவிலேயே ஒரு கதவு இருக்கிறது. பாதிக்கப்பட்ட யாரும் உத்தரவை ரத்து செய்யவோ மாற்றவோ அதைப் பிறப்பித்த நிர்வாக நடுவரிடமே மனு போடலாம். அவர் விரைவில் அழைத்து உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எழுதித் தந்த காரணத்தை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் வழக்குக்குக் கால் இருக்கும். பெரும்பாலானோர் மனுவே போடாமல் நேராகப் போய், "முதலில் அதிகாரியிடம் கேட்டீர்களா?" என்ற கேள்வியில் திரும்பி வருகிறார்கள். உத்தரவு நகலே தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. உயிர், தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது, மனுவில் அதை எழுதிக் கேளுங்கள்.

அபராதம் கேட்டால் ரசீது. தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் கொண்டுவந்த திருத்தத்தின்கீழ் முகக்கவசம் இல்லையென்றால் 200, தனிமனித இடைவெளி இல்லையென்றால் 500, நிறுவனங்களுக்கு 5000 என்று வசூலித்தார்கள். ரசீதில்லாமல் கொடுத்த 500 அரசுக்குப் போயிருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய வழக்கு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் கைவிடப்படும் என்றார். வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவை அதில் சேரவில்லை. அறிவிப்பு வந்ததும் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்கள். அறிவிப்பு வேறு, உங்கள் வழக்கு முடிந்ததற்கான காகிதம் வேறு. காவல்துறை இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையின் நிலையைப் பாருங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு குற்றவியல் நடுவர் மன்றத்தில் நகல் மனு போட்டு, முடிந்ததற்கான உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றத்துக்கு, அந்த அதிகாரி எழுத்தில் புகார் தந்தால் மட்டுமே நீதிமன்றம் விசாரிக்க முடியும். போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை போடக் கூடாது என்று மதுரைக் கிளை 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் குற்றம் அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 188ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 223. வழக்கறிஞரிடம் இந்தத் தீர்ப்பைக் கேளுங்கள். தெரியாது என்றால் வேறு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தொற்று வந்தால் பழி போட ஆள் தேடுவது இன்னொரு நோய். 1348, 1349ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் கறுப்புச் சாவு பரவியபோது கிணற்றில் விஷம் வைத்தார்கள் என்று யூதர்களைக் கொன்றார்கள். 2020இல் இந்தியாவில் தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பின் மாநாட்டை வைத்து ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கினார்கள். அந்த ஜூனில் வெளிநாட்டுத் தப்லீக்கினர் 31 பேரை மதுரைக் கிளை ஜாமீனில் விட்டது. உங்கள் தெருவில் அப்படி ஒரு சுவரொட்டியோ வாட்ஸ்அப் பதிவோ வந்தால் படமெடுத்து, அனுப்பியவரின் எண்ணோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வாங்க மறுத்தால் அதையே தபாலில் ஆணையருக்கு அனுப்பலாம், அதற்கும் பலனில்லையென்றால் நடுவர் மன்றத்துக்கு. உங்கள் சமூகத்தைக் கேவலப்படுத்தினால்தான் புகார் என்று இருக்க வேண்டாம். இங்கே கோரிப்பாளையம் தர்காவும் பெருமாள் கோயிலும் தேவாலயமும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன.

இதற்கெல்லாம் வழக்கறிஞர் வேண்டுமென்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி 15100. கடைசியாக, சித்திரைக்கு மண்டகப்படி போடுகிறவர்கள் பங்குனி பிறந்ததுமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, முத்திரை போட்ட நகலைப் பந்தலில் நிற்பவரின் சட்டைப்பையில் வையுங்கள். வீட்டுப் பீரோவில் வைத்தால் போலீஸ் கேட்கும்போது உதவாது.