எழுதியதை வாசிக்க இயலாத மனிதர்

பேசத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாதிருத்தல் உலகத்திற் புதுமையன்று. ஆனால், எழுதவும் தெரிந்து, தாம் எழுதியதை மறுகணமே வாசிக்கத் தெரியாதிருந்த ஒருவரைப்பற்றி நேயர்கள் கேள்வியுற்றதுண்டோ? இது கட்டுக்கதையன்று. 1887 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்தில் நிகழ்ந்த உண்மை.

வைத்திய நூல்கள் அவரைப் பெயரின் முதலெழுத்தால் 'திருவாளர் ஸி' என்றே வழங்குகின்றன. வயது 68. துணி வியாபாரஞ் செய்து ஓய்வு பெற்றவர். கல்வியும் சங்கீத ஞானமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே ஒருநாள், அச்சிட்ட எழுத்துக்களில் ஒரு சொல்லைத்தானும் தம்மால் வாசிக்க முடியாதிருப்பதைக் கண்டார். பேச்சிலே தடையில்லை. எதிரே வருபவரை அடையாளங் கண்டார். பொருள்களின் பெயரைத் தவறின்றிச் சொன்னார். கண்ணிலேதான் கோளாறு என்றெண்ணி லண்டோல்ற் என்னும் கண் வைத்தியரை நாடிச் சென்றார்.

வைத்தியர் எழுத்து அட்டையைக் காட்டினார். எழுத்துக்கள் தெளிவாகத் தெரிகின்றன என்றார் நோயாளி, பெயர்தான் வரவில்லை. 'ஏ' என்னும் எழுத்து ஓவியன் படத்தை நிறுத்தும் சட்டம்போல இருக்கிறது என்றார். 'இசட்' பாம்பு என்றார். 'பீ' இடைவாரின் கொளுவி என்றார். அவை எழுத்துக்களே என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல வராமையால், தமக்குச் சித்தம் பேதலித்துவிட்டதோ என்று அஞ்சினார். பரிசோதனையில் வேறொரு குறையும் வெளியாயிற்று. இரு கண்களாலும் நோக்கும்போது வலப்பக்கத்துக் காட்சி அவருக்குப் புலப்படவில்லை.

பின்னர்ப் பேனாவைக் கொடுத்து, சொல்வதை எழுதும்படி கேட்டார்கள். தடையின்றி எழுதினார். எழுதிய தாளை அவரிடமே நீட்டி வாசிக்கச் சொன்னபோது, அஃது எவரோ எழுதிய அந்நிய பாஷைபோல அவருக்குத் தோன்றியது. அச்செழுத்தைப் பார்த்து எழுதச் சொன்னால், படம் வரைபவர்போலக் கோடு கோடாக வரைந்தார். வியப்பு யாதெனில், எண்களை அவர் நன்கு அறிந்தார், கணக்கும் செய்தார். எழுத்தின் வடிவத்தைக் கையாற் பின்பற்றி வரைந்து பார்த்தால், அவ்வெழுத்தின் பெயரும் நாவில் வந்தது! கண் மறந்ததைக் கை மறக்கவில்லை. நம் நாட்டிலே ஏடு தொடக்கும் நாளிற் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம்; முன்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் மணலில் எழுதுவித்தார். எழுத்துக்குக் கண்வழி ஒன்றே வழியன்று என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர் போலும்.

திருவாளர் ஸியைத் தொடர்ந்து கவனித்து வந்தவர் டெஜெரின் என்னும் நரம்பு வைத்தியர். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக நோயாளியின் நிலை மாறவில்லை. 1892 ஜனவரியில் இரண்டாம் முறை மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்டது. இம்முறை எழுதும் வன்மையும் அவரை விட்டகன்றது. சில நாட்களில் இறந்தார். டெஜெரின் மூளையைச் சோதித்தபோது, இடப்பாதியின் பின்புறத்திலே, காட்சியை வாங்கும் பகுதியில், பழைய வடு இருந்தது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் தடித்த நார்ப்பாலத்தின் பின்முனையும் சிதைந்திருந்தது. எழுத்து நினைவுக்கு உறைவிடமென அவர் கருதிய பகுதியிலோ புதிய காயம் மட்டுமே காணப்பட்டது.

இதன் பொருளைச் சற்றே பொறுமையுடன் நோக்குவோம். வலப்பக்கத்துக் காட்சி மூளையின் இடப்பாதிக்கும், இடப்பக்கத்துக் காட்சி வலப்பாதிக்கும் செல்லும். மொழிக்குரிய பகுதிகளோ பெரும்பாலானோருக்கு இடப்பாதியிலேயே உள்ளன. 1861 இல் புரோக்காவும் 1874 இல் வேர்ணிக்கேயும் நோயாளிகளை ஆராய்ந்து, பேசுதற்கும் பேச்சை விளங்குதற்கும் உரிய இடங்களை அங்கேதான் கண்டனர். திருவாளர் ஸியின் வலப்பாதி எழுத்தைக் கண்டது. ஆனால் கண்டதை இடப்பாதிக்கு அனுப்பும் வழி அடைபட்டிருந்தது. மொழி அழியவில்லை, பார்வை முற்றாக அழியவில்லை. இரண்டுக்கும் நடுவே பாதைதான் அறுந்தது. பாலத்தின் சிதைவுக்கு உரிய முக்கியத்துவத்தை வலியுறுத்தியவர் அமெரிக்க நரம்பு வைத்தியராகிய நோர்மன் கெஷ்விண்ட். மூளைப் பகுதிகளிடையே தொடர்பு அறுவதே பல நோய்களுக்குக் காரணம் என்று 1965 இல் விரிவாக எழுதினார்.

பாதை என்று நாம் சொல்லுவது, மயலின் என்னும் கொழுப்புறை போர்த்த நரம்பு நார்களின் கற்றையாகும். அவ்வுறையினாலேயே அது வெண்ணிறம் பெறுகிறது. செய்தியும் விரைந்து செல்கிறது. கேட்கும் பகுதியிலிருந்து வில்லைப்போல வளைந்து பேசும் பகுதிக்குச் செல்லும் கற்றையொன்று மொழிக்கு மிக இன்றியமையாதது.

இந்நாளில் உயிருள்ளோரின் மூளையையே எம். ஆர். ஐ. கருவியாற் காண்கிறோம். எழுத்தைக் கண்டவுடன் விழித்தெழும் சிறு பகுதியொன்று இடப்பாதியின் பின்புற அடியில் இருப்பதை 2000 ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர்களான கோஹெனும் டெஹேனும் எடுத்துக் காட்டினர். அங்ஙனமாயின் வாசிப்புக்கும் ஓரிடம் உண்டு, பாதைக்கு என்ன பெருமை என்று மாணாக்கர் வினவலாம். நல்ல வினாவே. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டளவே ஆகின்றது. அதற்கென இயற்கை ஓரிடத்தை ஆக்கிவைத்திருக்க முடியாது. 2016 இல் வெளியான ஆய்வொன்றிலே, ஐந்து வயதில், வாசிக்க அறியாத பருவத்திற் பிள்ளைகளின் மூளைத் தொடர்புகளைப் படம்பிடித்தார்கள். அத்தொடர்புகளைக் கொண்டே, எட்டு வயதில் அப்பகுதி எங்கே அமையும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடிந்தது. நாற்சந்தி உண்டான பின்பே கடைகள் தோன்றுகின்றன. கடைகள் தோன்றிய பின் வீதி வருவதில்லை. பிறவியிலேயே பார்வையற்றோர் பிரெயில் எழுத்தை விரலாலே தடவி வாசிக்கும்போதும் அதே பகுதி விழித்தெழுவதை 2011 இல் வேறு ஆய்வாளர் கண்டனர்.

வயது சென்றபின் இப்பாதை திருந்துமா? போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் 63 பேரை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டனர். அவருள் எழுத்தறியாதாரும், வளர்ந்தபின் எழுத்தறிந்தாரும், இளமையிலே கற்றாரும் இருந்தனர். வளர்ந்தபின் கற்றவர் மூளையிலும் எழுத்துக்குரிய பகுதி மாறியிருந்தது. முன்னர்க் கூறிய வில்போன்ற கற்றையின் ஒரு பகுதி எழுத்தறிவால் உறுதிபெறுவதும் 2014 இல் அறியப்பட்டது. முதியோர் கல்வி வீண்முயற்சி என்பார் இதனைக் கவனிப்பாராக.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. வாயாற் கதை கதையாகச் சொல்லும் பிள்ளை, புத்தகத்தை விரித்தவுடன் திக்குவதை எந்த வகுப்பிலும் காணலாம். சோம்பேறி என்பர் சிலர்; மொக்கு என்பர் சிலர்; பிரம்பை எடுப்பாரும் உளர். வாசிப்பிலே இடர்ப்படும் பிள்ளைகள் பலரிடத்து இப்பாதைகள் வேறுவிதமாக அமைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பிரம்பு அவற்றைச் செப்பனிடாது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரப் பகுதியிலே, எட்டு முதல் பத்து வயது வரையான, வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி அளித்து, முன்னும் பின்னும் மூளையைப் படம்பிடித்தார்கள். முடிவு 2009 இல் வெளியாயிற்று. வாசிப்பும் முன்னேறியது, இடப்பாதியின் முன்புறத்தில் நலிந்திருந்த வெண்ணார்களும் உறுதி பெற்றிருந்தன. அப்பயிற்சிக்குச் சென்றது 100 மணித்தியாலம். பள்ளி நாட்களில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய அரையாண்டு.