எறிந்த பந்தும் எதிர்த்த காற்றும்: அன்று இருபது மணி நேரம், இன்று ஒரு பாடவேளை

பிளஸ் ஒன் வகுப்பில் எறிபொருள் இயக்கத்தைத் தொடங்கும்போது கரும்பலகையில் முதலில் ஏறுவது ஒரு நிபந்தனை: காற்றின் தடையைப் புறக்கணிக்கவும். அதை ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கிடைத்தளத் திசைவேகம் மாறாது, செங்குத்துத் திசையில் புவியீர்ப்பு மட்டும்தான், பாதை பரவளையம், பெரும நெடுக்கத்துக்கு எறிகோணம் 45 டிகிரி. அரைப் பக்கத்தில் சூத்திரம் வந்துவிடும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணும் வந்துவிடும்.

வெளியே மைதானத்தில் நடப்பது வேறு. ஒரு கிரிக்கெட் பந்தை எடுத்துக்கொள்வோம். நிறை 160 கிராம், விட்டம் 7.2 சென்டிமீட்டர். மட்டையிலிருந்து விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில், 45 டிகிரியில் அது கிளம்புகிறது. பாடநூல் சூத்திரப்படி 41 மீட்டர் உயரம் எழுந்து, 163 மீட்டர் தள்ளி விழ வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் எல்லைக்கோடு அதிகபட்சமே 90 கஜம், சுமார் 82 மீட்டர். சூத்திரம் சொல்வது அதைப் போல் இரண்டு மடங்கு. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதே பந்து 29 மீட்டர்தான் எழும்புகிறது. 92 மீட்டரில் தரைக்கு வந்துவிடுகிறது. மட்டையை விட்ட கணத்தில் காற்று அதன் மீது ஏற்படுத்தும் எதிர்முடுக்கம் ஏறக்குறைய 11. புவியீர்ப்பு முடுக்கமோ 9.8. நாம் புறக்கணிக்கச் சொன்ன விசை பந்தின் எடையைவிடப் பெரியது.

பாடநூலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நிபந்தனைக்குப் பின்னால் நியாயமான ஒரு காரணம் நெடுங்காலம் இருந்தது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகமோ அந்தத் தடையாலேயே ஒவ்வொரு கணமும் மாறுகிறது. செங்குத்து வேகம் மாறினால் கிடைத்தளத் தடையும் மாறும். இரண்டு திசைகளையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுகிற வழக்கமான உத்தி இங்கே செல்லாது. ஒரே வரியில் எழுதக்கூடிய சூத்திரம் கிடையாது. படிப்படியாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

எறிபொருளின் பாதை பரவளையம் என்று 1638இல் நூலில் நிறுவிய கலிலியோவுக்கே காற்று அதைக் கெடுக்கும் என்பது தெரியும். நியூட்டன் 1687இல் தம் பிரின்சிபியாவின் இரண்டாம் பாகத்தைப் பெரும்பாலும் தடையுள்ள ஊடகங்களுக்கே ஒதுக்கினார். ஆனாலும் பீரங்கிக்காரர்கள் பரவளையத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். கனமான இரும்புக் குண்டைக் காற்று என்ன செய்துவிடும் என்ற எண்ணம்தான்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707இல் பிறந்தவர். 1742இல் வெளியான அவருடைய துப்பாக்கியியல் நூலில்தான், குண்டின் வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி முதன்முதலாக விரிவாக வருகிறது. கனத்த மரப்பலகை ஒன்றை ஊஞ்சல் போல் தொங்கவிட வேண்டும். குண்டு அதில் பாய்ந்து புதைந்ததும் பலகை பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதை அடியில் கட்டிய ரிப்பன் காட்டும். அதிலிருந்து குண்டின் வேகம் கிடைத்துவிடும். நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகள் மரக்கட்டையில் குண்டு பாயும் கணக்கை இன்றும் போடுகிறார்கள். அது இவருடைய ஊசல்தான்.

ராபின்ஸ் அதே ஊசலை வெவ்வேறு தூரங்களில் நிறுத்தி, இடைப்பட்ட காற்று குண்டின் வேகத்தில் எவ்வளவைத் தின்றது என்று பார்த்தார். கிடைத்த விடை அன்றைய நிபுணர்களை உலுக்கியது. முழு மருந்தில் விநாடிக்கு 1650 அடி வேகத்தில் புறப்படும் 24 பவுண்டு குண்டு, பரவளையக் கணக்குப்படி 16 மைல் போக வேண்டும். உண்மையில் அது மூன்று மைல்கூடப் போவதில்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று பெருகுவதையும் அவர் கவனித்தார். சுழலும் குண்டு பக்கவாட்டில் விலகிப் போவதையும் காட்டினார். சுழற்பந்து காற்றிலேயே நகர்வதற்கு இன்று மாக்னஸின் பெயரைச் சொல்கிறோம். ராபின்ஸ் அதை அவருக்கு நூறாண்டு முன்பே கண்டிருக்கிறார்.

இந்த ராபின்ஸ் நம் மண்ணில் இறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிடத் தலைமைப் பொறியாளராக அவரை அனுப்பியது. 1750இல் வந்து சேர்ந்தார். சென்னைக் கோட்டைக்கும் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் திட்டம் போட்டார். 1751 ஜூலையில் காய்ச்சலில் அதே செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். எறிபொருள் பாடம் நடத்தும் கடலூர் ஆசிரியர்களாவது அவருடைய பெயரை வகுப்பில் ஒருமுறை சொல்லலாம்.

அவருடைய நூலை 1745இல் ஜெர்மனில் பெயர்த்தவர் கணிதவியலாளர் ஆய்லர். மூல நூலைவிட நீண்ட குறிப்புகளை அதில் சேர்த்தார். பாதையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டு அடுத்த துண்டுக்கு நகரும் முறையை 1750களில் எழுதினார். 1768இல் வந்த நுண்கணித நூலில் அதன் பொதுவடிவைக் கொடுத்தார். வழி அன்றே கிடைத்துவிட்டது. இல்லாதது அந்த வழியில் நடந்து முடிக்கும் கைகள்.

இரண்டாம் உலகப் போரில் அந்தக் கைகள் பெண்களுடையவை. அமெரிக்காவில் ஒவ்வொரு புதுப் பீரங்கிக்கும் ஒரு சுடு அட்டவணை வேண்டியிருந்தது. ஓர் அட்டவணைக்குச் சுமார் 3000 பாதைகளைக் கணக்கிட வேண்டும். குண்டு 60 விநாடி பறக்கும் ஒரு பாதையை மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு முடிக்கத் தேர்ந்த ஒருவருக்கு 20 மணி நேரம் பிடித்தது. நாளைக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று ஒருவரே உட்கார்ந்தால் ஓர் அட்டவணைக்கு 25 ஆண்டு. பிலடெல்பியாவின் மூர் பொறியியல் பள்ளியில் கணிதம் படித்த பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து இதைச் செய்தார்கள். பல்சக்கரங்களால் இயங்கிய வகைக்கெழுப் பகுப்பான் என்ற இயந்திரமும் அங்கே இருந்தது. ஒரு பாதையை அது கால் மணி நேரத்தில் போட்டுவிடும், ஆனால் துல்லியம் குறைவு.

இந்த வேலைக்காகவே கட்டப்பட்டது எனியாக் என்ற மின்னணுக் கணினி. மாக்லியும் எக்கெர்ட்டும் உருவாக்கியது. ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை. இருபது மணி நேரக் கணக்கு முப்பது விநாடிக்கு இறங்கியது. குண்டு தரையைத் தொடுவதற்குள் அதன் பாதை தெரிந்துவிடும். 1946 பிப்ரவரியில் அதை உலகுக்குக் காட்டியபோது போர் முடிந்திருந்தது. கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பைலஸ், ரூத் லிக்டர்மன் ஆகிய ஆறு பெண்கள்தான் அதற்கு நிரல் அமைத்தவர்கள். அன்று செய்து காட்டிய பாதைக் கணக்கு ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் உழைத்து உருவாக்கியது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. இந்தப் பாடத்தின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்துகிற செய்தி இதுதான்.

அதற்குப் பிறகு மாற்றம் வேகமாக வந்தது. 1979இல் பிரிக்லினும் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். 1985இல் எக்ஸெல். வணிகக் கணக்குக்காக வந்தவை என்றாலும் இயற்பியலுக்கு இவை அப்படியே பொருந்தின. ஒரு செல் தனக்கு மேலே உள்ள செல்லைப் பார்த்துக் கணக்கிடும் என்பதுதான் இவற்றின் உயிர்; ஆய்லரின் முறையும் அதுவேதான்.

போட்டுப் பாருங்கள். தாளின் மேற்பகுதியில் பந்தின் நிறை (கிலோகிராமில்), விட்டம் (மீட்டரில்), காற்றின் அடர்த்தி 1.2, தடைக் குணகம் 0.45 ஆகியவற்றை எழுதுங்கள். காற்றின் அடர்த்தி, தடைக் குணகம், பந்தின் குறுக்குப் பரப்பு மூன்றையும் பெருக்கி, பாதியாக்கி, நிறையால் வகுத்தால் 0.0069 என்று ஒரு மாறிலி கிடைக்கும். கீழே பத்திகள்: நேரம், தூரம், உயரம், கிடைத்தளத் திசைவேகம், செங்குத்துத் திசைவேகம், மொத்த வேகம், இரண்டு முடுக்கங்கள். முதல் வரிசையில் இரு திசைவேகமும் 28.28, மொத்த வேகம் 40. மாறிலியை மொத்த வேகத்தாலும் அந்தந்தத் திசைவேகத்தாலும் பெருக்கினால் தடையின் பங்கு தெரியும். கிடைத்தளத்தில் எதிர்முடுக்கம் 7.8. செங்குத்தில் அதனுடன் 9.8ஐக் கூட்ட, 17.6. பத்தில் ஒரு விநாடி கழித்து, அடுத்த வரிசையில், திசைவேகங்கள் 27.5, 26.5. இந்த இரண்டாம் வரிசையின் ஃபார்முலாக்களைத் தேர்ந்தெடுத்து, மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். ஐம்பது வரிசையை ஒட்டி உயரம் எதிர்க்குறிக்கு மாறும். பந்து விழுந்துவிட்டது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாறிலி இருக்கும் செல்லின் பெயரில் டாலர் குறியைப் போட மறந்தால், இழுக்க இழுக்க அந்த முகவரியும் கீழே நழுவி வெற்றுச் செல்லுக்குப் போய்விடும். தடை சுழியாகும், முதல் வரிசைக்குப் பிறகு பந்து வெற்றிடத்தில் பறக்கத் தொடங்கும். பிழை என்று திரையில் எதுவும் வராது. நெடுக்கம் நூறு மீட்டரைத் தாண்டி வெகுதூரம் போவதைப் பார்த்து மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தாளிலிருந்து ஒரு வரைபடம் எடுங்கள். ஏறும் பக்கம் நீண்டும் இறங்கும் பக்கம் குறுகிச் சரிந்தும் இருக்கும். 45 டிகிரியில் கிளம்பிய பந்து 58 டிகிரியில் தரையைக் குத்துகிறது. உயரே அடித்த பந்து எல்லையருகே நிற்கும் ஃபீல்டரின் தலைக்கு மேல் செங்குத்தாக இறங்குவது போலத் தெரிவது இதனால்தான். வேகப் பத்தியை மேலிருந்து கீழே படித்தால் இன்னொன்று தெரியும். பாடநூலில் வேகம் மிகக் குறைவது உச்சியில். இங்கே உச்சியைக் கடந்து ஏறக்குறைய அரை விநாடி கழித்துத்தான் அது மிகக் குறைகிறது. கோணத்தை மாற்றிப் பார்த்தால் பெரும நெடுக்கம் 40, 41 டிகிரிக்குப் பக்கத்தில் கிடைக்கும். இவற்றில் ஒன்றைக்கூடப் பரவளையம் காட்டாது.

தாள் சரிதானா என்று சோதிக்கவும் வழி உண்டு. தடைக் குணகத்தைச் சுழியாக்குங்கள். 163 மீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். கால இடைவெளியை 0.1இலிருந்து 0.01ஆகக் குறையுங்கள், விடை சற்று நகர்ந்து நிலைகொள்ளும். துண்டு சிறிதானால் பிழை சிறிதாகும் என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இப்படிக் காட்டிப் புரியவைப்பது எளிது. உண்மையான பந்தில் தையல் இருக்கிறது, சுழற்சி இருக்கிறது, குணகமும் வேகத்தோடு மாறும். 92 மீட்டர் என்பதும் கடைசி விடை இல்லை. ஆனாலும் 163ஐவிட எத்தனையோ மடங்கு உண்மைக்கு நெருக்கமானது.

லாகரிதம் புத்தகம் மட்டுமே துணையாக இருந்த காலத்தில், கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி ஐம்பது வரிசையையும் போடு என்று எந்த ஆசிரியரும் சொல்லியிருக்க முடியாது. அன்று காற்றைப் புறக்கணித்தது சரி. இன்று நம் பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் பாடத்திலேயே ஓப்பன் ஆபீஸ் கால்க் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. பிள்ளைகளின் கைபேசியில் கூகுள் ஷீட்ஸ் இலவசம். ஆனால் எறிபொருள் இயற்பியல் வகுப்பில் இருக்கிறது, கால்க் கணினி வகுப்பில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. தேர்வில் கேட்க மாட்டார்களே என்பார்கள். கேட்க வேண்டாம். காற்றைச் சேர்த்த கணக்கை ஒருமுறை தன் கையால் போட்ட மாணவருக்கு அந்த நிபந்தனை எதற்காக எழுதப்படுகிறது என்பது விளங்கும். தேர்வுக்கான பரவளையமும் இன்னும் தெளிவாகவே விளங்கும்.

இயற்பியல் ஆசிரியர்களிடம் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. பரவளையத்தை வழக்கம்போல் நடத்தி முடியுங்கள். மறுநாள் கணினி ஆசிரியரிடம் சொல்லி லேப்பைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளையே அந்தப் பத்திகளைப் போட்டு இழுக்கச் சொல்லுங்கள்.